வட்டி இல்லாத கடன் என்று ஒன்று உண்டா, முருகா?

 

போன செவ்வாய்க்கிழமை நம்ம குழுவில் மைத்ர முகூர்த்த நேரம் பகிர்ந்திருந்தோம். மேஷ லக்னத்தில் அசுவினியோ, விருச்சிக லக்னத்தில் அனுஷமோ சேர்ற நேரம் அது. ரெண்டு ராசிக்கும் அதிபதி செவ்வாய். செவ்வாய்க்கு அதிதேவதை நம்ம முருகன். அந்த நேரத்தில் அசலில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கொடுத்தால் கடன் சீக்கிரம் அடையும் என்பது நம்பிக்கை. அதைப் பார்த்துட்டு, கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, நான் போன் வாங்கினது வட்டியில்லா ஈஎம்ஐ. வட்டியே இல்லாத கடனை எதுக்கு அவசரமா அடைக்கணும்? கெடு வரைக்கும் விட்டா என்ன தப்பு?"

நல்ல கேள்வி. கணக்குப்படி பார்த்தா தம்பி சொல்றது சரிதான். இன்னைக்குக் கட்டினாலும் அதே ரூபாய், ஆறு மாசம் கழிச்சுக் கட்டினாலும் அதே ரூபாய்னா, கடைசி நாள் வரைக்கும் கையில் வச்சிருக்கிறவன்தான் புத்திசாலி. ஆனா "வட்டி இல்லை" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடனே நம்பிக்கை வராது. காரணம், நான் திண்ணனூர் நாட்டுக்காரன். எங்க கொல்லிமலையில் அந்த வார்த்தை ஈஎம்ஐ வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே லாரி ஏறி வந்துடுச்சு.

கொல்லிமலைன்னா உங்களுக்குத் தெரிஞ்சது 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர், எட்டுக்கை அம்மன். ரீல்ஸில் அவ்வளவுதான் வரும். மேலே ஊர்கள் எல்லாம் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடுன்னு நாடு நாடா இருக்கும். எங்களுது திண்ணனூர் நாடு. எங்க அப்பாயி காலத்தில் காட்டில் வெளைஞ்சது சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. அறுத்து, அடிச்சு, உமியோடவே குதிரில் கொட்டி வச்சா வருஷக்கணக்கில் கெடாது. பூச்சி அரிக்கிறதும் ரொம்பக் குறைவு. இந்த ஒரு குணத்தை மனசில் வச்சுக்கோங்க.

அப்புறம் குச்சிக்கிழங்கு வந்தது. கீழே மரவள்ளின்னு சொல்வீங்க. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் பெருகி, 1981இல் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே உருவாச்சு. நம்ம வீட்டுப் பாயசத்தில் மிதக்கிற ஜவ்வரிசி அந்தக் கிழங்கு மாவுதான். பத்து மாசத்தில் கையில் காசு. இன்னொரு பக்கம் ரேஷன் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011 ஜூனிலிருந்து இலவசம். சோத்துக்குச் சாமை தேவையில்லைன்னு ஆனப்புறம் காட்டைக் காசுக்கு விடுறதுதானே இயல்பு? இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சாமையை உரலில் போட்டுக் குத்தி உமி நீக்குறது எவ்வளவு வேலைன்னு தெரியாதவங்கதான் சிறுதானியத்தைப் பத்திக் கவிதை எழுதுவாங்க. அப்பாயியோட உள்ளங்கை கடைசி வரைக்கும் காய்ப்புக் காய்ச்சேதான் இருந்தது.

குச்சிக்கிழங்கோட சேர்ந்து வந்ததுதான் முன்பணம். நடவுக்கு உரம் வேணும், பள்ளிக்கூடம் திறந்தா பணம் வேணும், யாருக்காவது உடம்பு முடியலைன்னா மலை இறங்க வண்டி வேணும். ஏவாரி கொடுப்பார். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. "வட்டியெல்லாம் வேணாங்க, நமக்குள்ள என்ன வட்டி? கிழங்கை மட்டும் எனக்கே போட்டுடுங்க" என்பார். எங்க மாமா ஒருத்தர் இப்படிப் பல வருஷம் வாங்கினார். ஏவாரி கெட்டவர் கிடையாது. வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வந்து மொய் வச்சுட்டுப் போவார்.

வட்டி எங்கே போச்சுன்னு பாருங்க. குச்சிக்கிழங்குக்கு விலை எடையில் மட்டும் கிடையாது. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட்னு பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவுன்னு போடுவாங்க. பாயிண்டைப் பார்க்கிறது வாங்குறவர். மண்ணுக்குன்னு கழிக்கிறது வாங்குறவர். லாரி வாடகை, ஏத்துக்கூலி கணக்கும் அவருடையதே. சும்மா ஒரு கணக்குக்கு வச்சுக்குவோம்: முன்பணம் 20,000 ரூபாய், கிழங்கு 10 டன். வெளியில் கிடைக்கிற விலையைவிட டன்னுக்கு 500 ரூபாய் குறைச்சுப் போட்டார்னா 5,000 போச்சு. பத்து மாசத்துக்கு 20,000க்கு 5,000. அதாவது வருஷத்துக்கு 30 சதவீதம். நோட்டில் "வட்டி" என்ற எழுத்தே இருக்காது. மாமா கடைசி வரைக்கும் "அவரு வட்டி வாங்காத மனுஷன்" என்றுதான் சொல்வார்.

ரூபாய்க் கணக்கு இதோட முடிஞ்சுது. எனக்கு உறுத்துறது வேற ஒண்ணு. விலை இறங்கிக் கிடக்கிற மாசத்தில் மாமாவால் "இப்ப வேணாம், கொஞ்சம் பொறுத்துப் போடறேன்"னு சொல்ல முடியாது. வேற ஏவாரி வந்து கூடக் கேட்டாலும் கொடுக்க முடியாது. கிழங்கும் அவர் பக்கம் இல்லை. பிடுங்கினா ரெண்டு மூணு நாளில் கெட ஆரம்பிச்சிடும். குதிரில் சாமை இருந்த வரைக்கும் அப்பாயியால் காத்திருக்க முடிஞ்சது. மாமாவால் முடியல. வட்டின்னு மாமா கொடுத்தது அந்தக் காத்திருக்கிற உரிமையைத்தான்னு நினைக்கிறேன்.

இது ஏதோ என் உணர்ச்சிவசப்பட்ட பேச்சுன்னு நினைக்காதீங்க. 1976ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். கொத்தடிமைன்னா செங்கல் சூளையும் அரிசி ஆலையும்தான் நமக்கு ஞாபகம் வரும். சட்டம் அதைவிட நுணுக்கமாப் பார்க்குது. வாங்கின முன்பணத்துக்காக ஒரு மனுஷன் எதையெல்லாம் இழந்தால் அது கொத்தடிமை முறைன்னு வரிசையாச் சொல்லும்போது, வேற இடத்தில் வேலைக்குப் போகும் உரிமை, நாட்டுக்குள் விரும்பின இடத்துக்குப் போகும் உரிமையோடு, தன் பொருளையோ தன் உழைப்பில் விளைஞ்சதையோ சந்தை விலைக்கு விக்கிற உரிமையையும் சேர்த்திருக்கு. முன்பணம் கொடுத்த ஏவாரி எல்லாரும் கொத்தடிமை வச்சிருக்கார்னு நான் சொல்லல, அது அபாண்டம். ஆனா கடனோட உண்மையான விலை ரூபாயில் மட்டும் இல்லைன்னு அந்தச் சட்டத்தை எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இப்ப தம்பியோட போனுக்கு வருவோம். 2013இலேயே ரிசர்வ் வங்கி, கிரெடிட் கார்டு பாக்கிக்குச் சொல்ற 'ஜீரோ சதவீத' ஈஎம்ஐ பத்தி வங்கிகளுக்கு எழுதியது. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாது, வட்டியை பிராசசிங் ஃபீஸுக்குள்ள மறைச்சு வாடிக்கையாளர் தலையில் கட்டுறாங்க என்பதுதான் அதன் சாரம். அப்புறம் பேரை மாத்தி 'நோ காஸ்ட்' ஆச்சு. மொத்தமாக் காசு கொடுத்தா கிடைக்கிற தள்ளுபடி ஈஎம்ஐக்குக் கிடைக்காமப் போகலாம். பிராசசிங் ஃபீஸ் தனியா வரலாம். கார்டில் போட்டா, கடைக்காரர் தள்ளுபடியாக் கழிச்ச வட்டி இருக்கே, அதுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி நம்ம பில்லில் ஏறும். இல்லாத வட்டிக்கு எப்படி வரி வரும்னு யாரும் கேக்கிறதில்லை!

கடன் ஆப் இன்னும் ஒரு படி மேலே. பணம் கேட்டா போனில் இருக்கிற நம்பரெல்லாம் பார்க்க அனுமதி கேக்கும். அடமானம் வைக்கிறது நம்ம மானத்தை. கட்டத் தவறினா அம்மாவுக்கும் ஹெச்ஓடிக்கும் போன் போகும். 2022இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி கடன் ஆப்கள் நம்ம தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் தொடவே கூடாது. தொட அனுமதி கேட்டா அங்கேயே நிறுத்துங்க. 2024 அக்டோபர் 1இலிருந்து தனிநபர் கடன் எதுக்கும் எல்லாச் செலவும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம்னு ஒரு தாளில் கொடுத்தாகணும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அந்த ஒரு எண்ணைப் பாருங்க. தினத்தண்டல் உதாரணம் சொல்றேன்: கையில் 9,000 கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூல். "ஆயிரம் ரூபாய்தானே கூட"ன்னு தோணும். வருஷக் கணக்குக்கு மாத்தினா 75 சதவீதத்துக்கு மேலே போகுது.

ஆனா இதெல்லாம் சரியா இருந்தாலும், சட்டப்படி நடக்கிற நல்ல வங்கியாவே இருந்தாலும், மாமா கொடுத்த அந்த இன்னொரு வட்டி அப்படியே இருக்கு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற எங்க ஊர்ப் பையன் ஒருத்தன். பைக், போன், தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின ஃபிரிட்ஜ்னு மூணு ஈஎம்ஐ. மூணுக்கும் சேர்த்து பாதிச் சம்பளம் போகுது, மீதியில் நல்லாவே சமாளிக்கிறான். ஒரு நாள் சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் சாதியைச் சொல்லிக் கேவலமாப் பேசியிருக்கார். "நீ ஏன்டா ஒண்ணும் கேக்கல?"ன்னு கேட்டேன். "அஞ்சாம் தேதி டியூ இருக்குண்ணா" என்றான். வேற ஒண்ணும் சொல்லல. அந்த வருஷம் பழனிப் பாதயாத்திரைக்கும் வரல, லீவு போட்டா சம்பளம் போகும். எந்த ஈஎம்ஐ கால்குலேட்டரில் இந்தச் செலவு வரும்?

மகாபாரதத்தில் யட்சன் தருமரைக் கேட்கிறான், உலகத்தில் யார் மகிழ்ச்சியா இருக்கிறவன்னு. கடன் இல்லாம, பிழைப்புக்காக வெளியூர் போகாம, பொழுது சாயும்போதாவது தன் வீட்டில் கீரையைச் சமைச்சுச் சாப்பிடறவன் என்பது தருமர் பதில். முன்னாடி படிச்சப்ப ஏதோ சிக்கனம் சொல்றார்னு நினைச்சேன். சூதில் நாட்டையும் தம்பிகளையும் மனைவியையும் பணயம் வச்சுத் தோத்து, காட்டில் நிக்கிற ஆள் சொல்றார்னு பிறகுதான் உறைச்சது. கடனையும் வெளியூரையும் அவர் ஒண்ணாச் சேர்த்துச் சொன்னது கொல்லிமலைக்காரனுக்கு உடனே புரியும். கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போற வண்டியில் ஏறுறதுக்கு முன்னாடியே கங்காணிகிட்டே அட்வான்ஸ் வாங்கியிருப்பாங்க.

அப்போ கடன் வாங்குறதே பாவமா? அப்படிச் சொல்ல மாட்டேன். சொன்னா அது வசதியுள்ளவன் பேச்சு. அதே குச்சிக்கிழங்கு முன்பணத்தில்தான் மாமா மகள் நர்சிங் படிச்சா. இன்னைக்கு அவ சம்பளத்தில் வீட்டில் பாதி நடக்குது. ஒரு உரிமையை வித்து இன்னொரு உரிமையை வாங்கினார், அவ்வளவுதான். அந்த வியாபாரம் நியாயமா இல்லையான்னு வெளியிலிருந்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிரசவத்துக்கும் படிப்புக்கும் வாங்கின கடனையும், மாடல் மாறிடுச்சுன்னு வாங்கின கடனையும் ஒரே தட்டில் வைக்கிறவங்களோட எனக்கு ஒத்துப்போகாது.

உண்மையிலேயே வட்டி இல்லாத கடனும் இருக்கு. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, கெடுவுக்குள் கட்டினா தமிழ்நாட்டில் வட்டி கிடையாது. அந்த வட்டியை அரசாங்கம் ஏத்துக்குது. யாரோ ஒருத்தர் கொடுத்துத்தான் ஆகணும், அங்கே நம்ம எல்லார் வரிப்பணமும் கொடுக்குது. ஆனா சங்கத்துச் செயலாளர் வந்து "கிழங்கை எனக்கே போடு"ன்னு கேட்க மாட்டார். பட்டா, சிட்டான்னு ரெண்டு மூணு தடவை அலைய விடுவாங்க என்பது வேற விஷயம். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பாதிப் பேர் ஏவாரிகிட்டே போறது.

இங்கே வள்ளியம்மையை நினைக்காம இருக்க முடியல. வள்ளிக்கிழங்கு தோண்டின குழியில் குழந்தையாக் கிடைச்சவ என்கிறது கந்தபுராணம். வேடர் தலைவன் மகள். அவளுக்குக் கொடுத்த வேலை தினைப்புனம் காக்கிறது. பரண் மேல ஏறி, கையில் கவணோட நாள் முழுக்க நிக்கணும். எதுக்காக? யானை வந்தா ஊரே திரண்டு வரும், அதுக்கு ஒரு பொண்ணு தனியா நிக்க வேண்டியதில்லை. அவ விரட்டினது கிளியை. ஒரு கிளி ஒரு தடவைக்கு எவ்வளவு தினை தின்னுடும்? ஒரு கொத்து. அதைத் திருட்டுன்னுகூடச் சொல்ல முடியாது. ஆனா பரணில் ஆள் இல்லாத புனத்தில் அறுப்புக்கு வெறும் தாள்தான் மிஞ்சும். மாசம் 149 ரூபாய் ஆட்டோபே, 99 ரூபாய் மெம்பர்ஷிப், ஸ்கேன் பண்ணும்போது கணக்கே தெரியாத டீ பஜ்ஜி எல்லாம் கிளிதான். டீ குடிக்காதேன்னு சொல்ல வரல. வள்ளி பரண் மேல நின்னா, எது வருது எது போகுதுன்னு பார்த்துக்கிட்டே இருந்தா. அந்தப் பரண் நமக்கு மாசத்துக்கு ஒரு அரைமணி நேரம், வங்கிக் கணக்கைத் திறந்து மேலிருந்து கீழே படிக்கிற நேரம். சஷ்டியன்னைக்கு எப்படியும் போனைக் கொஞ்சம் தள்ளித்தான் வைக்கிறோம், அன்னைக்கு வச்சுக்கலாம்.

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்குக் கடமைன்னும் பொருள். முருகனுக்கு நாம படுறது நேர்த்திக்கடன். அதோட அளவை முடிவு பண்றது நாம. மொட்டையா, காவடியா, பால்குடமா, நாமதான் சொல்றோம். வருஷம் தள்ளினதுக்குக் கூடுதலா ரெண்டு காவடின்னு அவன் கேக்கிறதில்லை. நம்ம வீட்டில் பாட்டிங்க செய்யறதைக் கவனிச்சிருக்கீங்களா? வேண்டிக்கிட்ட அன்னைக்கே மஞ்சத்துணியில் ஒரு காசை முடிஞ்சு சாமி படத்துக்கிட்டே வச்சிடுவாங்க. கடன்பட்ட அன்னைக்கே, கையில் இருக்கிறதிலிருந்து முதல் தவணை. அதனாலதான் காவடி எடுக்கவும், ஃபிளெக்ஸ் அடிச்சு அன்னதானம் போடவும் வட்டிக்கு வாங்குறதை என்னால் ஏத்துக்க முடியல. குழுவில் சிலருக்கு இது கோபம் வரும், தெரியும். அவன்கிட்டே பட்ட கடனைத் தீர்க்க இன்னொருத்தன்கிட்டே கடன்படுறதை முருகன் கேட்டானா? தேனும் தினைமாவும் போதும்னு வேடர்களோட மலையில் நின்னவன் அவன்.

மைத்ர முகூர்த்தத்துக்கும் ஒரு வார்த்தை. தம்பி, அந்த நேரத்தில் கட்டு, நல்லது. கட்டுறதுக்கு முன்னாடி இந்தப் பணம் அசலில் கழியுமா, இல்லை அடுத்த மாசத் தவணைக்குப் போய்ச் சேருமான்னு கேட்டுக்கோ. அசலில் கழிஞ்சாத்தான் நம்பிக்கையும் கணக்கும் ஒரே திசையில் போகும். வட்டி இல்லாத கடன்னா உனக்கு ரூபாய் மிச்சமாகாது, உண்மைதான். அஞ்சாம் தேதின்னு ஒண்ணு உன் காலண்டரிலிருந்து சீக்கிரம் போகும்.

திண்ணனூர் நாட்டில் எங்க சித்தி ஒருத்தங்க குச்சிக்கிழங்கை விட்டுட்டு, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏத்தியிருக்காங்க. முன்பணம் வாங்குறதில்லை. மிளகு காய்ஞ்சு சாக்கில் கட்டி வச்சா, சாமை மாதிரிதான், கெடாது. பங்குனியில் ஏவாரி வந்து விலை சொன்னார். சித்தி திண்ணையில் உட்கார்ந்தபடியே, "இப்ப இல்லைங்கண்ணா, ஆடி பதினெட்டு ஓரி விழா கழியட்டும், அப்ப வாங்க, பாக்கலாம்" என்றாங்க. அவர் டீ குடிச்சுட்டு வண்டியைத் திருப்பினார். ஆடி கழிஞ்சு விலை ஏறுச்சான்னு கேட்டீங்கன்னா, அந்த வருஷம் கொஞ்சம் இறங்கித்தான் போச்சு. சித்தி அதுக்குப் பெருசா வருத்தப்பட்ட மாதிரி எனக்குத் தெரியல.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!